கூழ் காய்ச்சின கை

எங்கட வீட்டில் ஒருவருக்கொருவர் 'நன்றி' சொல்லும் பழக்கம் இல்லை. தேத்தண்ணி தந்த அம்மாவுக்கு நன்றி என்று சொன்னால், "என்ன பிள்ளை, காய்ச்சலோ?" என்று நெத்தியைத் தொட்டுப் பார்ப்பா. 'தாங்ஸ்' எல்லாம் கடைக்காரருக்கும் பஸ்ஸில் இடம் தந்தவைக்கும்தான். வீட்டுக்குள்ளே அதற்கு வேறு வழிகள் இருக்கு. ஆடிக்கூழ் அதில் ஒன்று.

ஆடி முதலாம் நாள், ஜூலை நடுப்பகுதியில் வரும் ஆடிப்பிறப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டு எங்களில் கனபேருக்குப் பாடம். அந்தப் பாட்டில் வரும் விடுதலைதான் இப்போது கலண்டரில் இல்லை. பள்ளிக்கூடமும் வேலையும் வழமைபோல. அதனால் கூழ் பின்னேரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது.

குடிக்கிறவர்களுக்கு அது ஒரு சிரட்டைக் கூழ். காய்ச்சுகிறவர்களுக்கு முழுநாள் வேலை. பச்சரிசியை ஊறவைத்து இடித்து, அரித்து, மாவை வறுக்க வேண்டும். பயறு தனியாக வறுபட வேண்டும். தேங்காயில் பாதி பாலுக்கு, மீதி சின்னச் சின்னச் சொட்டாக. மாவில் கொஞ்சத்தைக் குழைத்துச் சிறு உருண்டைகளாக உருட்டிப் பயறோடு அவிய விடுவா அம்மம்மா. பிறகு பாலில் கரைத்த மாவும் பனங்கட்டியும், கடைசியில் மிளகும் சீரகமும். மா விட்ட நேரத்திலிருந்து அகப்பை நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும். அந்த மணம் வந்தால் பானை முழுக்கப் போச்சு. சீனி போட்டால் அது கூழ் இல்லை, பாயாசம் என்பது அம்மம்மாவின் தீர்ப்பு. குட்டானோடு வாங்கின பனங்கட்டி இல்லாமல் அவ அடுப்பு மூட்டினதே இல்லை.

2022 ஆடிப்பிறப்பு மறக்காது. ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய்ச் சில நாட்கள்தான். காஸ் சிலிண்டர் வெறுமை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை, தேங்காயை எண்ணி எண்ணி உடைத்த காலம். "இந்த முறை வேண்டாம், சாமிக்கு வாழைப்பழத்தை வைச்சுக் கும்பிடுவம்" என்றா அம்மா. அம்மம்மாவுக்கு அப்போது 82 வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. பின்வளவுக்குப் போய் மூன்று கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து வைச்சா. அதற்குப் பிறகு ஆர் மறுத்துக் கதைக்கிறது? நாங்கள் மூவரும் பொச்சு, பன்னாடை, கொக்கறை, ஊமல் என்று கைக்கு வந்ததெல்லாம் பொறுக்கினோம். பயறு பாதிதான் இருந்தது. பக்கத்து வீட்டு மாமி ஒரு தேங்காய் தந்தா. புகை கண்ணைக் கரித்தது. கூழ் அந்த வருசம் கொஞ்சம் தண்ணிதான், ஆனால் முதல் செம்பு மாமி வீட்டுக்குப் போனது. செம்பு திரும்பி வரும்போது அதுக்குள்ளே ஒரு பிடி முருங்கையிலை. வெறுஞ்செம்பைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் எங்கட ஒழுங்கையில் இல்லை. நன்றி என்ற சொல்லை அன்றைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கு. பாரம்பரியம், பாரம்பரியம் என்று நாங்கள் எழுதுகிறோம், பிலாவிலையில் கூழை அள்ளிப் படம் எடுத்துப் போடுகிறோம். அகப்பையைப் பிடித்த கை அந்தப் படத்தில் வருவதே இல்லை. இடிச்சது, வறுத்தது, கிண்டினது எல்லாம் அம்மம்மா, அம்மா, சித்தி. சுவைத்துப் பார்த்து "பனங்கட்டி காணாது" என்று சொன்னது அப்பாவும் மாமாமாரும். இந்த வழக்கம் எங்களுக்கு வேணும். இப்பிடியே வேணுமா என்றால், இல்லை.

அம்மம்மா 2024 இல் போய்ச் சேர்ந்தா. ஆட்டத்திவசம் முடியும்வரை வீட்டில் கொண்டாட்டம் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஆடிப்பிறப்புக்குத்தான் தெரிந்தது, ஒருவரிடமும் அளவு இல்லை. அம்மம்மாவுக்குச் சுண்டும் கண்ணும்தான் கணக்கு. அம்மாவுக்கோ தோள்மூட்டு நோ, கையைத் தூக்க ஏலாது. கனடாவில் இருக்கிற அண்ணா, "இஞ்ச கூழ்மா பைக்கெற்றில விக்குது, பால் விட்டுக் காய்ச்சினால் சரி" என்று போனில் சொன்னான். அம்மா சிரித்தா, பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டுத் தம்பி தேங்காய் துருவினான். அப்பா பயறு வறுத்தார், இரண்டு தரம் கருக்கினார், மூன்றாம் தரம் சரி. கிண்டுகிற வேலையை நாங்கள் மாறி மாறி எடுத்தோம். எத்தனை சுண்டு மா, எவ்வளவு பனங்கட்டி என்று அம்மா சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினோம். "ரெண்டு சுண்டு... இல்லை, அம்மா ஒண்டரைதான் போடுறவ" என்று நடுவில் திருத்தினா. எழுதினதை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினோம்.

கூழ் கட்டிபட்டுப் போச்சு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புப் போட மறந்திட்டியள்" என்றா. பிறகு செம்பைக் கழுவி நிரப்பி மாமி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னா.