காலர் அரை இஞ்ச்

ஜூன் 4, செவ்வாய்

அண்ணனுக்கு இன்று முகமூடி செய்தார்கள். கதவோரம் நின்று பார்த்தேன். வலைபோல் துளையிட்ட பிளாஸ்டிக் தகடு. வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்ததும் ஈரத்துணிபோலத் துவண்டு தொங்கியது. அதை முகத்தில் போர்த்தி, மூக்கு, கன்னம், தாடை என்று டெக்னீஷியன் விரலால் அழுத்தி வடிவம் பிடித்தார். சில நிமிடத்தில் இறுகிவிட்டது. இனி 30 நாளும் இதை மாட்டி, மேசையோடு பூட்டித்தான் கதிர் கொடுப்பார்கள். தலை அசையவே கூடாது.

"நல்ல ஃபிட்டிங் பாப்பா. நூலே இல்லாம தச்சுட்டாங்க" என்றார் அண்ணன், வெளியே வந்ததும்.

கும்பகோணத்தில் 31 வருடமாகத் தையல்கடை. வயது 53. இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி. அறுவையில் எடுக்க முடிந்ததை எடுத்தாகிவிட்டது. அண்ணி கடையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார்; விடுப்பு எடுத்துக்கொண்டு நான் கூட வந்திருக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

நினைவுப் பரிசோதனை. 12 சொற்களை மூன்று முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். 5, 6, 6. இருபது நிமிடம் கழித்துக் கேட்டபோது 3.

அடுத்து, ஒரு நிமிடத்துக்குள் 'க' வரிசையில் சொற்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "கத்திரி... காலர்... காஜா... கை... கழுத்துப்பட்டி..." நின்றுபோனது. உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார். "கால்சட்டை." நேரம் முடிந்தது. தாளில் 6 என்று எழுதினார்கள். ஆறையும் அவர் கடைக்குள் போய்த்தான் எடுத்து வந்தார் என்பதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பிறகு வாழ்க்கைத்தரக் கேள்விகள். எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவாக 30, மூளைக்கட்டிக்கென்று தனியாக 20. கடந்த வாரம் தலைவலி இருந்ததா, சரியான சொல் கிடைக்காமல் தடுமாறினீர்களா, எதிர்காலம் நிச்சயமில்லாததாகத் தோன்றியதா என்று போகிறது. பெரும்பாலானவற்றுக்கு 'இல்லவே இல்லை' முதல் 'மிக அதிகம்' வரை நான்கு விடைகள். அண்ணன் யோசிப்பதற்குள் நானே சொல்லிக்கொண்டு போனேன். கேள்வி கேட்ட பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது ஐயா சொல்ல வேண்டியது. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை."

சொல் தடுமாற்றத்துக்கு நான் 'மிக அதிகம்' என்றிருந்தேன். அவர் சொன்னது 'கொஞ்சம்'. எதிர்காலத்துக்கு நான் 'கொஞ்சம்'. அவர் 'மிக அதிகம்'.

தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பும் வழியில் நான் எதுவும் பேசவில்லை.

ஜூன் 10, திங்கள்

முதல் கதிர். காலையில் வெறும் வயிற்றில் டெமோசோலமைடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து உள்ளே. கால் மணியில் வந்துவிட்டார். ஒரு நாளைக்கு 2 கிரே, மொத்தம் 60.

நான் மருந்தாளுநர். இந்த மாத்திரை எப்படி வழக்கத்துக்கு வந்தது என்று தெரியும். 2005இல் ஸ்டூப் குழு 573 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு. கதிர் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதத்தைத் தாண்டினார்கள்; மாத்திரையும் சேர்ந்தபோது அது 14.6 மாதம். கூடியது இரண்டரை மாதம். அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்றும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை அண்ணன் முன்னால் வைத்த அதே கேள்விகளைக் கொண்டு. மாத்திரையால் வாழ்க்கைத்தரம் நீடித்துக் கெடவில்லை என்று அதே ஆண்டு வெளியிட்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது முடிவுதான் பெரிது.

ஜூன் 27, வியாழன்

13ஆம் கதிர். இரவு மூன்று மணிக்கு எழுந்து சோறு கேட்டார். இல்லை என்றதற்குத் தட்டை எறிந்தார். என்னை ஒருநாளும் அதட்டாத மனிதர். டெக்ஸாமெத்தசோன் மூளை வீக்கத்தைக் குறைக்கிறது. பதிலுக்குப் பசி, கோபம், சர்க்கரை, தூக்கமில்லாத இரவு. இரண்டாவது வேளையை ராத்திரி கொடுக்காமல் மதியம் 2 மணிக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். இருபது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், எனக்கே தோன்றவில்லை.

கதிர் முடிந்து வந்தவர் கன்னமெல்லாம் வலைத் தழும்பு. மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது.

"பிடிக்குதாண்ணே?"

சட்டைக் காலருக்குள் விரலை விட்டு இழுத்துக் காட்டினார். "மூணு நாளா."

"சொல்லக் கூடாதா?"

"சொல்லு வரல பாப்பா."

நாளை மறுபடி ஸ்கேன் எடுத்துப் புது முகமூடி செய்கிறார்கள்.

ஜூலை 4, வியாழன்

மறதிக்குக் கதிர்தான் காரணமா என்று கேட்டேன். டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கத்திலேயே கட்டி. வலது பக்கத்தைக் காக்கலாம், இடதை ஒதுக்க வழியில்லை. கட்டி, அறுவை, வலிப்பு மாத்திரை, கதிர் எல்லாம் சேர்ந்ததுதான், பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

2002இல் நெதர்லாந்தில் கிளைன் குழு, மெதுவாக வளரும் கட்டியுள்ள 195 பேரைப் பரிசோதித்தபோதும் கட்டியே முதல் குற்றவாளியாகத் தெரிந்தது. ஒரு வேளைக்கு 2 கிரேக்கு மேல் கதிர் பெற்றவர்களுக்கு நினைவு கூடுதலாகக் கெட்டிருந்தது. அவர்களில் சிலரை, கட்டி கண்டறிந்து சராசரி 12 வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, குறைந்த அளவு பெற்றவர்களிடமும் கவனம் குறைந்திருந்தது. 12 வருடம் கழித்து வரும் அந்தக் கவலை எங்கள் வீட்டுக்கும் வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

தூக்கம், தூக்கம். சாப்பிடும்போதே கண் சொருகுகிறது. காதுக்கு மேலே முடி கொத்தாக வருகிறது. நாற்காலியிலிருந்து எழக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

முப்பது முடிந்தது. முகமூடியை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அறைக்கு வந்ததும் கடைப் பையனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன். "மாஸ்டர், ஹெட்மாஸ்டர் சார் துணி கொடுத்திருக்காரு. நோட்டுல அவரு அளவு இல்ல." எப்படி இருக்கும்? வாடிக்கையாளர் அளவை அண்ணன் எழுதி வைத்ததே இல்லை.

கண்ணை மூடினார். "தோள் பதினெட்டு..."

காத்திருந்தோம். "மாஸ்டர், லைன்ல இருக்கீங்களா?" ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். மின்விசிறி மட்டும் சுற்றியது. அண்ணனின் கட்டைவிரல் டேப்பைத் தள்ளுவதுபோல ஆள்காட்டி விரலில் நகர்ந்து நகர்ந்து நின்றது.

"மார்பு வரலடா. அவரு போடுற சட்டை ஒண்ணு வாங்கி வச்சு வெட்டு." கொஞ்ச நேரம் விட்டு, "காலர் மட்டும் அரை இஞ்ச் கூட வை. கழுத்தைப் பிடிச்சா அவருக்கு ஆகாது."