விளக்குக் காட்டிய வழி

நாடி பிடித்துப் பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. ஆயினும் மோட்டார் வண்டிக்கு நோய் வந்தால், காரணம் அறியுமுன்னரே புதிய பாகத்துக்குப் பணம் தேடப் புறப்படுகிறோம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளைப் பேணியே பல குடும்பங்கள் நாட்களை ஓட்டின. தம்பலகாமத்திலுள்ள எங்கள் வீட்டு ஜப்பானியக் காரும் அவ்வாறு பேணப்பட்டதே.

ஒருமுறை வேளாண்மை வெட்டி முடிந்த சில நாட்களில் அதன் எஞ்சின் விளக்கு எரியலாயிற்று. பெற்றோலும் வழமைக்கு மேல் செலவாயிற்று. திருகோணமலையில் கருவி பொருத்திப் பார்த்தவர், 'பி 0135' என்ற குறியீட்டைக் காட்டி, "ஒட்சிசன் சென்சரை மாற்றவேண்டும்" என்றார். அவர் சொன்ன விலையோ எங்கள் ஒரு மாதச் சமையற் செலவை விழுங்கக்கூடியது.

எங்களூர் மெக்கானிக் தம்பி உடனே இணங்கவில்லை. "ஐயா, இந்தக் குறியீடு சென்சரைச் சூடாக்கும் மின்சுற்றில் பிழை என்றுதான் சொல்கிறது. பியூசும் வயரும் அந்தச் சுற்றில் அடக்கம். அளந்து பார்த்துவிட்டு வாங்குவோம்" என்றார்.

1976ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் கார்களுக்காகத் தயாரிக்கத் தொடங்கிய சாதனம் இது. புகைக்குழாயில் அமர்ந்து, புகையில் எஞ்சியுள்ள ஒட்சிசனை உணர்கிறது. எடையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதே செம்மையான கலவை. பெற்றோல் மிகுந்தால் இவ்வகைச் சென்சர் ஏறக்குறைய 0.9 வோல்ற்றும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ற்றும் தரும். அதைக் கேட்டு எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். ஆனால், ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடேறினாலன்றிச் சென்சர் வாய் திறவாது. அதை விரைவில் சூடேற்றவே உள்ளே ஒரு சிறு சூடாக்கி உண்டு.

தம்பி பியூசைப் பார்த்தார், நன்றாயிருந்தது. செருகியைக் கழற்றிச் சூடாக்கியின் தடையை அளந்தார். 7 ஓம் காட்டிற்று. அது அறுந்திருந்தால் மீற்றர் எவ்வெண்ணும் காட்டாது. பின்னர் எஞ்சினை இயக்கி, செருகியின் வண்டிப் பக்கத்தை அளந்தார். 12 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. ஆகவே, பியூசுக்கும் செருகிக்கும் இடையேதான் பிழை! வயரைத் தொடர்ந்து சென்றபோது, எலி கடித்துத் துண்டித்த இடம் அகப்பட்டது. வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வருவது எங்களூர் அறிந்த சங்கதியே.

பற்றரியின் இணைப்பைக் கழற்றி, கடியுண்ட பகுதியை நீக்கி, அதே தடிப்புள்ள வயரை ஈயத்தால் பற்றவைத்து, காப்புறை இட்டு, புகைக்குழாயின் சூடு படாதவாறு கட்டினார். குறியீட்டை அழித்த பின் விளக்கு மீண்டும் எரியவில்லை. புதுச் சென்சர் வாங்கிப் பூட்டியிருந்தாலோ, பணம் போயிருக்கும், விளக்கு எரிந்துகொண்டேயிருந்திருக்கும்.

மாணவர்களே, மின்தடையையும் மின்னழுத்தத்தையும் பரீட்சைக்குரிய பாடமென்று மட்டும் எண்ணாதீர்கள். விளக்குக் காட்டுவது பிழை நேர்ந்த தெருவை. வீட்டைக் கண்டுபிடிப்பது அளந்தறியும் மனிதனின் வேலை. அவ்வேலையைப் பொறுமையுடன் செய்பவன் குடும்பத்தின் பணத்தையும் காக்கிறான்.