விமானமில்லாத விமானந்தாங்கி

திருகோணமலை உட்துறைமுகத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு 'ஹேர்மிஸ்' நினைவுக்கு வரும். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற்கப்பல் அது. 1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, ஜப்பானியர் தாக்கக்கூடுமென்ற எச்சரிக்கை கிடைத்ததும் இத்துறைமுகத்தை விட்டுத் தெற்கே விரைந்தது. மறுநாள் காலை திருமலையில் குண்டுகள் வீழ்ந்தன. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வேளையில் அதன் தளத்தில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை.

அன்று என் தந்தையாருக்கு வயது பத்து. வளர்ந்தபின் பிரித்தானியக் கடற்படையின் டொக்யாட்டில் பிற்றராகச் சேர்ந்தார். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவருடைய வேலையும் போயிற்று.

2004 ஜனவரியில் ரஷ்யாவின் 'கோர்ஷ்கோவ்' கப்பலைப் பெற இந்தியா ஒப்பந்தம் செய்தது. கப்பல் இலவசம், புதுப்பிக்கும் செலவு 97.4 கோடி டொலர் மட்டுமே என்றார்கள். நானும் அதைப் புகழ்ந்து பத்தியொன்று எழுதினேன். அப்பா வாசித்துவிட்டுக் கேட்டது இவ்வளவுதான்: "கப்பல் இலவசந்தான் தம்பி, திறப்பு ஆரிட்ட இருக்கு?"

பதில் தெரியச் சில ஆண்டுகள் சென்றன. விலை 235 கோடி டொலராக ஏறியது. 2008இல் வரவேண்டிய கப்பல் 2013 நவம்பரிலேயே 'விக்ரமாதித்யா'வாகக் கையளிக்கப்பட்டது. பாதி வேலையில் நிற்கும் கப்பலை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. அப்பத்தியை எழுதியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இந்தியா அதிலிருந்து ஓரளவு கற்றுக்கொண்டது என்றே சொல்லவேண்டும். 2022 செப்டெம்பரில் கொச்சியில் கடற்படையில் இணைந்த 'விக்ராந்த்' கப்பலுக்கு ரஷ்ய உருக்கு வந்துசேரத் தாமதமானபோது, உள்நாட்டிலேயே உருக்குச் செய்தார்கள். உந்துபொறி அமைப்பில் இத்தாலியரும், விமானப் பகுதியின் வடிவமைப்பில் ரஷ்யரும் உதவினர். முழுக் கப்பலையும் ஒருவரிடம் ஒப்படைக்கவில்லை. ஆயினும், அதன் தளத்தில் முதற் போர்விமானம் இறங்கியது 2023 பெப்ரவரியில்தான். பிரான்சிடமிருந்து 26 ரஃபேல் விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் 2025 ஏப்ரலிலேயே கைச்சாத்தானது.

அடுத்த கப்பலுக்காக 2015இல் பிரித்தானிய, பிரெஞ்சு, அமெரிக்க, ரஷ்ய நிறுவனங்கள் நான்கிடம் இந்தியா கருத்துக் கோரியது. இதில் உயிர்நாடியானது விமானத்தை உந்தி எறியும் கருவி. எந்த விமானம் ஏறலாம், எதிரிபாகங்களை யார் தருவார் என்பதை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அதுவே தீர்மானிக்கும். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் வரைபடமும் பழுதுபார்க்கும் உரிமையும் யாரிடம் இருக்கும் என்று கேட்கவேண்டும்.

இது இந்தியாவின் அலுவல், நமக்கென்ன என்று கேட்பீர்கள். இத்துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்று 1987 உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் கூறுகின்றன. அந்த இந்தியாவின் கப்பலுக்குத் திறப்பு வேறொருவரிடம் இருந்தால், திருமலையின் காவலும் அந்த வேறொருவரிடந்தான்.

அப்பா இன்றில்லை. அவருடைய கேள்வி மட்டும் இருக்கிறது.