டெமோ பார்த்த வாரம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், ராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சின்னச் சின்ன கிளினிக்குகள் நிறைய உண்டு. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ரிசப்ஷனில் ஒருவர், ஒட்டினாற்போல ஒரு மெடிக்கல். தறி ஓட்டுபவர்கள், கோழிப்பண்ணை ஆட்கள், ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர்கள், லாரி டிரைவர்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் என எல்லோரும் முதலில் வந்து காட்டும் இடம் அதுதான். அப்படிப்பட்ட ஒரு கிளினிக் நோட்டுப் புத்தகத்தை விட்டுக் கணினிக்கு மாற முடிவெடுத்த வாரத்தின் குறிப்புகள் இவை. பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

திங்கள்

காலையில் வந்த முதல் ஆள் லாரி டிரைவர். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். வடக்கே லோடு இறக்கிவிட்டு ஒன்றரை மாதம் கழித்து ஊர் திரும்பியிருக்கிறார். பழைய சீட்டு வண்டியில் எங்கோ தொலைந்துவிட்டது. "அந்தச் சின்ன மஞ்சக் கலர் மாத்திரைங்க டாக்டரம்மா" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

கிளினிக் நோட்டில் அவருடைய பெயர் இருக்கிறது, டோக்கன் எண் இருக்கிறது, வாங்கிய பீஸ் இருக்கிறது. எழுதிக் கொடுத்த மருந்து மட்டும் இல்லை. அது சீட்டோடு போய்விட்டது. மெடிக்கலில் பழைய பில் கட்டைப் புரட்டி மருந்தைக் கண்டுபிடிப்பதற்குள் வெளியே பெஞ்சு நிறைந்துவிட்டது.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகள், உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். விரைவில் எடுக்கும்படி பதிவுகளைக் கணினியில் ஏற்ற முயல வேண்டும் என்றும் அவற்றில் உண்டு. 3 ஆண்டுக் கணக்கில் உள்நோயாளி என்ற சொல் இருப்பதால், படுக்கையே இல்லாத ஓ.பி. கிளினிக்குகள் பலவற்றில் நோயாளியின் கதை முழுவதும் அவர் கையிலிருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள்தான் இருக்கிறது. கவர் தொலைந்தால் கதையும் போயிற்று.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் டாக்டரம்மா ஒரு தாளில் தேவைகளை எழுதினார். பழைய மருந்துச் சீட்டு உடனே திரையில் வர வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் ஆகக் கூடாது. மெடிக்கல் கணக்கு ஒட்டி வர வேண்டும். மருந்து சாப்பிடும் முறை தமிழில் அச்சாக வேண்டும். கம்பெனிக்காரர்களைக் கூப்பிடும் முன்பே இந்தத் தாள் எழுதப்பட்டது நல்ல காரியம். இது இல்லாமல் டெமோவுக்கு உட்கார்ந்தால், விற்பவர் காட்டுவதெல்லாம் தேவை போலத் தோன்றும்.

செவ்வாய்

இன்று ரிசப்ஷன் மேசையின் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டுப் பார்த்தது. மென்பொருள் முதலில் தடுக்கி விழப்போகும் இடம் இந்த மேசைதான்.

"பேரு என்னங்க?"

"பாவாயிங்க."

"இனிசியல்?"

அந்தப் பாட்டி பக்கத்தில் நின்ற பேத்தியைப் பார்க்கிறார். வீட்டுக்காரர் பெயரைத் தன் வாயால் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. பேத்தி சொல்கிறாள். ஆதார் அட்டையில் அப்பா பெயரின் எழுத்து, ரேஷன் கார்டில் கணவர் பெயரின் எழுத்து. பிறந்த தேதி தெரியாது. ஆதாரில் ஆண்டு மட்டும் இருக்கிறது. போன் நம்பர் பேரனுடையது. அதே நம்பரில் அவருடைய மகன், மருமகள், பேத்தி எல்லோரும் ஏற்கெனவே பதிவாகியிருப்பார்கள்.

பழனியம்மாள், செல்லம்மாள், பெரியசாமி, சின்னுசாமி என்ற பெயர்கள் இந்த வட்டாரத்தில் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். வெளிநாட்டு வழக்கத்தை வைத்து எழுதப்பட்ட மென்பொருள்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவது கட்டத்தை நிரப்பாவிட்டால் சில மேலே நகரவே விடாது. அங்கே ஒருநாள் "கே", இன்னொரு நாள் "கே." என்று புள்ளியோடு, மற்றொரு நாள் ஊர்ப் பெயர் என்று விழும். ஆறு மாதத்தில் ஒரே பாட்டிக்கு மூன்று ஃபைல். அதில் ஒன்றில் மட்டும்தான் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு இருக்கும். ஆபத்து அங்கேதான்.

ரிசப்ஷனில் இருக்கும் அக்காவிடம் கேட்டால் தீர்வு அவரிடமே இருக்கிறது. அவர் ஆளைப் பெயரால் தேடுவதில்லை. ஊர், தெரு, யார் வீடு, இந்த மூன்றால்தான் தேடுகிறார். ஆக, ஊர்ப் பெயரைத் தட்டித் தேடும் வசதியும், ஒரே போன் நம்பருக்குக் கீழ் குடும்பம் முழுவதையும் காட்டும் வசதியும், தவறுதலாக இரண்டாகிவிட்ட ஃபைல்களைச் சேர்க்கும் வசதியும் வேண்டும். தேவைத் தாளில் இவை முதலிடத்துக்கு ஏறின.

புதன்

முதல் டெமோ. மடிக்கணினியில் வண்ண வண்ணப் படங்கள், மாத வருமான வரைபடம், வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் செய்தி. டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இப்ப நீங்க எந்திரிங்க, எங்க அக்கா உக்காரட்டும்" என்றார்.

காய்ச்சலுக்கு வந்த ஒரு குழந்தையைப் பதிந்து, எடை ஏற்றி, மூன்று மருந்து எழுதி, பில் போட்டு அச்செடுக்க வேண்டும். இதுதான் சோதனை. விற்பவர் கைபட்டபோது சறுக்கிக்கொண்டு போன திரை, அக்கா கைக்கு வந்ததும் நின்று நின்று போனது. பத்து நாள் பழகினால் வேகம் வரும்தான். ஆனால் ஒரு மருந்து எழுத எத்தனை கிளிக் என்பது பழக்கத்தால் மாறாது.

இதை அலட்சியமாக விட முடியாது. அமெரிக்காவில் 2009இல் வந்த ஒரு சட்டம் மின்னணுப் பதிவுக்கு மாறும் மருத்துவர்களுக்கு அரசுப் பணம் கொடுத்தது. நாடே மாறியது. 2016இல் அங்குள்ள 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஓ.பி. நேரத்தில் நோயாளிக்கு மருத்துவர் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது என்று அது கண்டது. காலை ஓ.பி.யில் ஆளுக்குச் சில நிமிடமே கிடைக்கும் நம்மூர் கிளினிக்கில் அந்தக் கணக்கு வந்தால், பாதிப் பேர் பார்க்கப்படாமலே திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது டெமோவில் வேறொரு குறை. நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் பில் வரிசைதான் முதலில் வருகிறது. எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார் என்று தெரிகிறது. அவருக்கு என்ன நோய் என்பது நாலு திரை தள்ளி இருக்கிறது. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968லேயே, நோயாளியின் பதிவை அவருடைய பிரச்சினைகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்று எழுதிவிட்டார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி என்று தலைப்பில் தெரிய வேண்டும். கடைக் கணக்கு மென்பொருளுக்கு மருத்துவச் சட்டை மாட்டிவிட்டால் இது வராது.

தமிழ் அச்சு இரண்டிலுமே சொதப்பியது. ஒன்றில் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தன. இன்னொன்றில் கொம்பும் எழுத்தும் பிரிந்து நின்றன. 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. போனில் தமிழ் தெளிவாக வரும் காலத்தில், "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்" என்ற வரியை அச்சடிக்கத் தெரியாத மென்பொருளை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஓ.டி., பி.டி., டி.டி.எஸ். என்பதெல்லாம் மெடிக்கல்காரருக்குப் புரியும். மாத்திரை விழுங்கப்போகிறவருக்குப் புரிய வேண்டும் அல்லவா?

வியாழன்

மெடிக்கல் பக்கம். இங்கே சட்டம் அதிகம்.

மருந்து விதிகளின் எச்1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலுள்ள மருந்துகளை விற்றால் எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அன்றாடம் எழுதப்படும் செஃபிக்ஸிம் கூட அதில்தான் வருகிறது. சீட்டும் பில்லும் ஒரே மென்பொருளில் இருந்தால் இந்தப் பதிவேடு தானாகவே நிரம்பும். தனித்தனியாக இருந்தால் இரண்டு முறை தட்ட வேண்டும்.

அடுத்தது ஜி.எஸ்.டி. டாக்டர் பார்க்கும் பீஸுக்கு வரி கிடையாது, மருந்துக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று காலை கடை திறக்கும்போது பில்லில் புது விகிதம் வந்திருக்க வேண்டும். "செப்டம்பர் 22 அன்று உங்கள் வாடிக்கையாளர்களுக்கு எத்தனை மணிக்கு மாற்றிக் கொடுத்தீர்கள்?" என்று டாக்டரம்மா கேட்டார். ஒருவர் நேராகப் பதில் சொன்னார். மற்றவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கம்பெனியின் தரத்தை அளக்க இப்படிப்பட்ட கேள்விதான் உதவுகிறது.

கர்ப்பிணிகளின் பிக்மி நம்பர் இன்னொன்று. தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்பைப் பதிய அந்த 12 இலக்க எண் தேவை. காசநோய் என்று கண்டால் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். அதற்கு நிக்ஷய் தளம். ஸ்கேன் கருவி வைத்திருக்கும் கிளினிக் என்றால் கர்ப்பிணி ஸ்கேனுக்கான எஃப் படிவமும், மாதா மாதம் 5ஆம் தேதிக்குள் அறிக்கையும் உண்டு. இவை அரசுத் தளங்களில் ஏற்ற வேண்டியவை. "எல்லாம் எங்கள் சாஃப்ட்வேரிலேயே வரும்" என்று சொன்னால், எது நேரடியாக இணைகிறது, எதைத் திரும்பத் தட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

வெள்ளி

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. வண்டியோடு போகும் ஆட்கள் மாதக்கணக்கில் மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ இருக்கிறார்கள். அங்கே நெஞ்சு வலி என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனால், இங்கே எடுத்த ஈ.சி.ஜி.யை எப்படிக் காட்டுவார்?

அதற்குத்தான் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2020 ஆகஸ்ட் 15இல் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் வெள்ளோட்டம் தொடங்கி, 2021 செப்டம்பர் 27இல் நாடு முழுவதற்கும் வந்தது. நோயாளிக்கு ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண் கிடைக்கிறது. அவர் சம்மதம் கொடுத்தால் ஓர் இடத்துப் பதிவை இன்னோர் இடத்து டாக்டர் பார்க்கலாம். சேர்வது விருப்பம்தான், கட்டாயமில்லை. ஆனால் கிளினிக்கின் மென்பொருள் இந்த மிஷனோடு இணைந்ததாக இருந்தால்தான் நோயாளிக்கு அந்த விருப்பமே கிடைக்கும். ஆபா எண் உருவாக்குவதோடு நின்றுவிடும் மென்பொருள் வேறு, சீட்டையும் பரிசோதனை முடிவையும் பகிரக்கூடியது வேறு. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள்.

இலவச மென்பொருளையும் பார்த்தாயிற்று. சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹ்யோக் நடத்தும் மருத்துவமனைக்காகத் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் உருவாக்கியது பாம்னி. ஏழை மக்களுக்கான கிராம மருத்துவமனையில் பிறந்து பல நாடுகளுக்குப் போன மென்பொருள் அது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது, உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவவும் பராமரிக்கவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். ஐம்பது படுக்கை மருத்துவமனைக்கு அது பொருந்தும். ஒரே டாக்டர் உள்ள கிளினிக்குக்குப் பாரம்.

பிறகு செலவுக் கணக்கு. சொன்ன விலைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. டாக்டர் பீஸுக்கு வரியில்லை என்பதால் கிளினிக் பங்குக்கான அந்த வரியைத் திரும்பக் கழிக்க முடியாது. ஆண்டுப் பராமரிப்புக்கான ஏ.எம்.சி. தனி, எஸ்.எம்.எஸ். தனி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் பழைய கணினியையும் மாற்ற வேண்டிவரும். கரண்ட் போனாலும் நெட் போனாலும் டோக்கன் ஓட வேண்டும். நெட் இல்லாமல் குறைந்தது பதிவும் பில்லும் போட முடியுமா என்று, வை-ஃபையை அணைத்துவிட்டுக் காட்டச் சொன்னதில் ஒரு கம்பெனி அங்கேயே திணறியது.

சனி

இன்று பேசியது ஒன்றே ஒன்று: பதிவுகள் யாருடையவை, எங்கே இருக்கும், போகும்போது எப்படி எடுத்துக்கொண்டு போவது.

2022 நவம்பர் 23இல் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடக்கப்பட்டன. நாட்டின் முதன்மையான மருத்துவமனை நாள்கணக்கில் காகிதத்துக்குத் திரும்பியது. அடுத்த மாதமே நம் பக்கத்தில் இன்னொன்று. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகள் சுமார் 1.5 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதாகக் கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அவை 2007 முதல் 2011 வரையிலான பழைய பதிவுகள். கசிவு மருத்துவமனையின் கணினி வழியாக அல்ல, அதற்கு மென்பொருள் வேலை செய்த வெளி நிறுவனத்தின் வழியாக நடந்திருக்கலாம் என்று கிளவுட்செக் சொன்னது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. விவரங்களை வேறு நிறுவனத்திடம் கொடுத்து வைத்தாலும் பொறுப்பு அவற்றைத் திரட்டியவருக்குத்தான், அதாவது கிளினிக்குக்கு. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தயாராக அவகாசம் இருக்கிறது, அதிகமில்லை.

டாக்டரம்மா இரு கம்பெனிகளிடமும் ஒரே கோரிக்கை வைத்தார். டெமோவில் ஏற்றிய சோதனைப் பதிவுகளை முழுதாக வெளியே எடுத்துக் கொடுங்கள். ஒருவர் நோயாளிகளின் பெயரும் போன் நம்பரும் மட்டும் உள்ள எக்செல் கோப்பை அனுப்பினார்; சீட்டும் பரிசோதனை முடிவும் அதில் இல்லை. இன்னொருவர் அனுப்பியதில் ஒவ்வொரு வருகையும், எழுதிய மருந்தும், அளவும், தேதியும் இருந்தன. திரை அழகில் முதலாமவர்தான் மேல். ஆனால் அங்கே போனால் வெளியே வர வழியில்லை. ஐந்து ஆண்டு கழித்து விலையை இரட்டிப்பாக்கினாலும் கட்டித்தான் ஆக வேண்டும். கம்பெனி மூடிவிட்டால் நோயாளிகளின் வரலாறு அதோடு போகும்.

ஞாயிறு

முடிவு எழுதப்பட்டது. இரண்டாவது கம்பெனி, ஓராண்டு ஒப்பந்தம், மொத்தப் பணம் முன்கூட்டிக் கிடையாது. பதிவுகளைக் கேட்ட நாளில் முழுதாகத் தர வேண்டும் என்பதும், கசிவு நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தாக ஏறின. தமிழ் அச்சைச் சரிசெய்த பிறகுதான் முதல் தவணை. ரிசப்ஷன் அக்கா பழகும் வரை நோட்டும் கூடவே ஓடும். பழைய நோயாளிகளை மொத்தமாக ஏற்றாமல், அவர்கள் திரும்பக் காட்ட வரும்போது ஒவ்வொருவராக, கவரில் உள்ள சீட்டுகளைப் பார்த்துப் பதிவது என்றும் முடிவாயிற்று.

இந்த மாவட்டங்களில் மென்பொருள் வாங்கப்போகும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ரிசப்ஷனில் இருப்பவரை உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். சோதனைப் பதிவுகள் முழுதாக உங்கள் கைக்குத் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பதிவுகள் உங்களை நம்பி உடம்பைக் காட்ட வந்தவர்களுடையவை.