முருங்கைக்கீரையும் நீல மாத்திரையும்

“உணவே மருந்து” என்று வகுப்பறைச் சுவரில் பலமுறை படித்திருக்கிறோம். அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது, சென்ற ஆவணித் திங்களில் அண்டை ஊரில் நடந்த மாணவியர் நலவாழ்வு முகாமில்தான். விடுதியிலிருந்து நாங்கள் பன்னிருவர் சென்றோம். உள்ளதைச் சொன்னால், பேருந்துப் பயணத்தின் ஆசையே எங்களை இழுத்துச் சென்றது!

அரங்கில் ஒரு நீண்ட மேசை. அதன்மேல் முருங்கைக்கீரை, மணத்தக்காளி, பிரண்டை, கேழ்வரகு, எள், நெல்லிக்காய். சித்த மருத்துவர் அம்மா ஒருவர் ஒவ்வொன்றாய்க் காட்டிப் பெயர் கேட்டார். மணத்தக்காளியைக் கத்தரி நாற்று என்று சொல்லி நாங்கள் தலைகுனிந்தோம். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி, பசியின்மைக்குப் பிரண்டைத் துவையல் என்று நம் பாட்டிமார் கண்ட வழக்கங்களை அவர் விளக்கினார். கேழ்வரகிலும் எள்ளிலும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உண்டு என்றார்.

பின்பு இரத்தசோகை பற்றிப் பேசினார். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு அது உண்டாம். எங்கள் பன்னிருவரில் ஏழு பேர் என்று மனக்கணக்குப் போட்டோம்.

“அப்படியானால் கீரை போதுமே, பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல மாத்திரை எதற்கு, அம்மா?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நாங்கள் கைதட்டினோம். அவர் சிரிக்கவில்லை.

“கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்கே உடலில் சேரும், கண்ணுகளா. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும். உணவோடு தேநீர் குடித்தால் குறையும். சோகை வந்தபின் கீரை மட்டும் போதாது. மாத்திரையை யாராவது எறிகிறீர்களா?”

அரங்கமே மௌனமாயிற்று. ஆடி மாதத்தில் காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்த எங்கள் தோழியை எல்லோரும் நினைத்துக்கொண்டோம். விடுதிச் சன்னலுக்குக் கீழேயுள்ள மல்லிகைச் செடிக்கடியில் அவள் மாத்திரையைப் போடுவதை நாங்கள் அறிவோம். நாங்களும் அதையே செய்ததால், ஒருவரும் வாய்திறக்கவில்லை.

அன்றிரவே விடுதிச் சகோதரியிடம் அனைத்தையும் சொன்னோம். அவர் ஏசவில்லை. “மல்லிகைக்குத் தண்ணீர் போதும், பிள்ளைகளா” என்றார். மறுநாளே தோழியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 8 கிராமே இருந்தது. மருத்துவர் தினமும் உண்ணத் தனி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இப்போது முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சைத் துண்டும் எங்கள் தட்டுக்கு வருகிறது. உணவோடு குடித்த தேநீர் மாலைக்கு மாறிவிட்டது. குமட்டாதிருக்க, நீல மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் ஒருவர் முன் ஒருவர் விழுங்குகிறோம். எங்கள் தோழி மாடிப்படியில் மூச்சு வாங்க நிற்பதில்லை.

அன்புத் தங்கையரே, இறைவன் தந்த கீரையும் அவர் கொடை. மருத்துவர் தந்த மாத்திரையும் அவர் கொடை. இரண்டில் எதையும் மண்ணில் எறியாதீர்கள்.

— பதினோராம் வகுப்பு விடுதி மாணவியர்