பிள்ளையை முதலில் கூப்பிடுபவன்

புதிதாக வெஸ்ட் ஈலிங்கில் குடியேறும் குடும்பங்கள் 2024 ஆகஸ்டிலிருந்து எம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றன. "இந்த நாட்டிலும் ஆட்களை உள்ளே வைத்துக் கொளுத்துவாங்களோ?" கேட்பவர்கள் வீடு எரிவதைக் கண்ணால் கண்டவர்கள். ஆகவே மழுப்பலாகப் பதில் சொல்ல எமக்கு மனமில்லை.

அந்த ஆண்டு ஜூலை 29ஆம் திகதி சவுத்போட் நகரில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்ற பொய்க்கதை உடனேயே நாடெங்கும் பரவியது. உண்மையில் அவன் காடிஃப் நகரில் பிறந்த பதினேழு வயதுப் பொடியன். ஆனால் ஆகஸ்ட் 4ஆம் திகதி ரொதரம் நகருக்கருகே அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலை ஒரு கூட்டம் சுற்றி வளைத்து, உள்ளே ஆட்கள் இருக்கத் தீ வைக்க முயன்றது. அன்றே டாம்வேர்த்திலும் அப்படியொரு ஹோட்டல் தாக்கப்பட்டது. பின்னர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில் வேலையற்றவர்கள் இருந்தார்கள், வேலை செய்பவர்கள் இருந்தார்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட இருந்தது.

இது புதிதல்ல. உக்ஸ்பிரிட்ஜ் வீதியில் 207 பஸ்ஸில் ஏறி ஹன்வெல்லைத் தாண்டினால் சவுத்தோல். மரக்கறியும் பலசரக்கும் வாங்க நாம் போகும் அதே சவுத்தோல்தான். அங்கே 1976 ஜூனில் குர்தீப் சிங் சாக்கர் என்ற பதினெட்டு வயது மாணவர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். 1979 ஏப்ரல் 23ஆம் திகதி 'நேஷனல் பிரன்ட்' என்ற இனவாதக் கட்சி சவுத்தோல் நகர மண்டபத்தில் கூட்டம் வைத்தது. எதிர்த்துத் திரண்டவர்களோடு நின்ற பிளேயர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தது அனேகமாக ஒரு பொலிஸ்காரர்தான் என்ற பொலிசாரின் உள்ளக விசாரணை அறிக்கை 2010இல்தான் வெளியே வந்தது. வழக்கு எவர் மீதும் இல்லை. 1981 ஜூலை 3ஆம் திகதி ஹம்புரோ மதுச்சாலையில் நடந்த பாட்டுக் கச்சேரிக்குத் தலை மழித்த வெள்ளைப் பொடியன்கள் பஸ்களில் வந்திறங்கினார்கள். அன்றிரவு சவுத்தோல் இளைஞர்கள் திரண்டு அந்த மதுச்சாலையையே எரித்தார்கள்.

அந்த மொட்டைத்தலைப் பொடியன்களில் பலர் கிழக்கு லண்டனிலிருந்து வந்தவர்கள். அங்கே துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, தகப்பன் செய்த வேலை மகனுக்கு இல்லாமற் போன காலம் அது. உன் வேலையைப் பறித்தவன் அவன்தான் என்று விரலை நீட்டிக் காட்ட ஒரு கட்சி இருந்தது. அவர்களுக்காக இரங்குங்கள் என்று நாம் எழுத வரவில்லை.

வறுமைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 1999 ஏப்ரலில் பிரிக்ஸ்டன், பிரிக் லேன், சோஹோ ஆகிய இடங்களில் ஆணிக்குண்டு வைத்து மூவரைக் கொன்ற டேவிட் கோப்லண்டுக்கு நிலக்கீழ் ரயில்பாதை வேலை இருந்தது. 2005 ஜூலை 7இல் லண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வரில் மூத்தவன், லீட்ஸ் நகரில் ஆரம்பப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு உதவியாளனாக இருந்து நல்ல பெயர் எடுத்தவன். 2003 ஏப்ரலில் டெல் அவிவ் நகரில் வெடித்துச் செத்த ஆசிப் ஹனீப் எமக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவில் வளர்ந்த இருபத்தொரு வயது இளைஞன்.

இப்படிச் செய்தி வந்தால் எம்மவர் கடைகளில் கேட்பது, "உவங்கள் எப்பவும் உப்பிடித்தான்." அதைச் சொல்ல எமக்கு உரிமை குறைவு. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது, 1983 ஜூலை வந்தது, எமது பொடியன்கள் தாய்க்குச் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனார்கள். இரண்டும் ஒன்றல்ல, எமக்கு நடந்த அநியாயம் உண்மை. ஆனால் பதினாறு வயது மனம் எங்கேயும் பெரிதாக வேறுபடுவதில்லை. அவமானம் முதலில் வருகிறது. அதற்கு விளக்கம் சொல்ல ஒருவன் வருகிறான். 'நீ எங்களுக்கு வேண்டியவன்' என்று அவன் சொல்கிறான். அதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை. எதிரியைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். எதிரியும் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டதையும், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் விரட்டப்பட்டதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கொள்கை இல்லாமலும் இது நடக்கும். 2000ஆம் ஆண்டையொட்டி ஈஸ்ட் ஹாம், ரூட்டிங், வெம்பிளிப் பக்கம் எமது பொடியன்கள் குழுக்களாகி வாளாலும் கத்தியாலும் தமக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். அகதியாக வந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

இப்போது எமது வீடுகளைப் பார்ப்போம். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அம்மா விடியற்காலை துப்புரவு வேலை. ஹோம் ஆபிஸ் கடிதத்தை வாசித்துச் சொல்வது பதின்மூன்று வயது மகன். தகப்பனை அதிகாரி அதட்டியதையும் அவனே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் அவனை 'பாக்கி' என்று கூப்பிட்டதை அவன் வீட்டில் சொல்வதில்லை. சொல்ல ஆள் எங்கே? இரவு பதினொரு மணிக்கு அவனோடு கதைக்க ஒருவன் இருக்கிறான், ரெலிபோனுக்குள்.

பெற்றோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். தீவிரவாதத்தின் பக்கம் சாய்வதாகத் தோன்றும் பிள்ளையைக் கவனிப்பது 2015 முதல் பள்ளிகளுக்குச் சட்டக் கடமை. 'பிரிவென்ட்' என்பார்கள். அதன் கீழ் வரும் 'சனல்' உதவித் திட்டம் தண்டனை அல்ல, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதமும் கேட்பார்கள். தம்மையே குறிவைக்கிறார்கள் என்று முஸ்லிம் பெற்றோர் பலர் மனம் நோகிறார்கள்; அதில் நியாயம் உண்டு. சவுத்போட்டில் கொன்றவனும் மூன்று தடவை பிரிவென்டுக்கு அறிவிக்கப்பட்டு, மூன்று தடவையும் விடப்பட்டவன்தான். எப்படியோ, பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் ஒளிக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் மட்டும் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கூட்டி வருகிறோம். பதினான்கு வயதானதும் "நான் வரேல்லை" என்கிறார்கள், நாமும் விட்டுவிடுகிறோம். அந்த வயதினருக்கு ஞாயிறு காலையில் பந்து விளையாட்டு ஒன்று தொடங்க எண்ணியிருக்கிறோம். பந்தும் திடலும் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் வந்து நிற்க, இந்த நாட்டில் படித்து வளர்ந்த அண்ணன்மாரும் அக்காமாரும் ஆறு பேராவது வேண்டும். இதுவரை இருவர்தான் பெயர் தந்திருக்கிறார்கள்.