நிலக்கரி நகரில் ஒரு பாய்மரப் படகு

"நெய்வேலியில் படகா? கடல் எங்கே, நெய்வேலி எங்கே?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். என் நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. "அவசியம் வந்து பாரும். பிள்ளைகளுக்காக ஒரு பாய்மரப் படகு வாங்கப் போகிறேன்" என்று டெலிபோனில் சொன்னார். சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர் வேடிக்கைக்காகப் பேச மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண் பூமியின் நடுவே, கோடு போட்டாற்போல் நேரான சாலைகளும் இரு புறமும் மரங்களுமாக ஓர் ஊர். தெருவுக்குப் பெயர் கேட்பதற்கு முன் பிளாக் நம்பரைக் கேட்பார்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்ததாம். அதிலிருந்து தொடங்கிய கதை இது. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதம் நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது.

இதில் ஒரு விசித்திரம் கேளுங்கள். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு பீறிடும். இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் வயல்களுக்கும் போகிறது. தண்ணீரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற ஊர் இது. அங்கே ஒருவருக்குப் படகு ஆசை வருவதில் என்ன ஆச்சரியம்?

நண்பரின் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். பதினெட்டு அடி நீளத்தில் பழைய பைபர் படகு. விலை மலிவு. "ஒரே படகில் எல்லோரும் போகலாம்!" என்றார். பத்து வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும் படகுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூட ஆசிரியை. கடலூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவர். "ஏங்க, நான் வேண்டாம்னு சொல்லலே. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. கவிழ்ந்தால் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

நண்பர் மௌனமானார். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடலூர்க் கரையை விழுங்கிய ஆழிப்பேரலையில் அந்த அம்மாளின் தம்பி போய்விட்டான். அவனுக்கு அப்போது எட்டு வயது.

வாசகர்களே, முதல் படகு வாங்க நினைக்கிற குடும்பம் எதுவானாலும், விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சிறிய பாய்மரப் படகு என்றால் என்றைக்காவது கவிழத்தான் செய்யும். சைக்கிள் பழகுகிறவன் விழுவதைப் போல அது. கவிழ்ந்த படகை உள்ளே இருப்பவர்களே நிமிர்த்த முடியுமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றறைகள் உள்ள சிறு படகு பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்தால் எழுந்துவிடும். புகைப்படத்திலிருந்த பதினெட்டு அடிக்காரனை நிமிர்த்த அரை டஜன் ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு எங்கே போவது?

அன்று சாயங்காலம் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். உலகில் குழந்தைகளுக்கென்றே பேர்போன படகு 'ஆப்டிமிஸ்ட்'. 1947-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகை இரண்டில் அடங்கும்படி வரைந்தது. நீளம் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை 35 கிலோ. மூக்கை வெட்டிவிட்ட குளியல் தொட்டி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு குழந்தைக்குத்தான் இடம். அம்மா கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

அடுத்தது 'லேசர்'. 59 கிலோ, ஒரே பாய். சென்னை நேத்ரா குமணன் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஓட்டியது இந்த வகைதான். பாய்மரப் போட்டிக்கு ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அருமையான படகு, ஆனால் அதுவும் ஒருவருக்கு. 'என்டர்பிரைஸ்' இருவருக்கானது. 1956-ல் இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் வரைந்தது.  ஆனால் எடை சுமார் 90 கிலோ, பாயும் பெரிது. புதியவர்களுக்கு முரட்டுக் குதிரை.

கடைசியில் 'மிரர்' வகையில் வந்து நின்றோம். இதுவும் ஜாக் ஹோல்ட் கைவண்ணம். 1960-களின் தொடக்கத்தில், வீட்டிலேயே செய்துகொள்ளும்படி, பாரி பக்னெல் என்பவரோடு சேர்ந்து அமைத்தது. நீளம் பத்தடி பத்தங்குலம், எடை சுமார் 45 கிலோ. இரண்டு பெரியவர்கள் தூக்கலாம். கார் தலைமேல் கட்டலாம். மரங்களும் பாயும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். உடம்போடு சேர்ந்த காற்றறைகள் உண்டு. பெரியவர் ஒருவரும் பிள்ளைகள் இருவரும் போகலாம். பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் கண்ணாடி நார்ப் பட்டையை ஒட்டிச் செய்கிறார்கள்.

"தைத்தா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்த அம்மாளின் தகப்பனார்! அதுவரை திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "அட மாப்பிள்ளை, மசூலாப் படகு வேற எப்படிச் செஞ்சாங்களாம்? ஆணியே கிடையாது. கயிறு போட்டுப் பலகையைத் தைக்கிறதுதான். அலை அடிச்சா வளைஞ்சு கொடுக்கும், உடையாது" என்றார்.

உண்மைதான். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலில் வந்த துரைமார்களையும் துரைசானிகளையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை தென்னங்கயிற்றால் தைத்த அந்தப் படகுகளே. 'கட்டுமரம்' என்ற நம் சொல்லை இங்கிலீஷ்காரன் வாங்கிக்கொண்டு போனதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே படகுக் கலையில் நாம் யாரிடமும் புதிதாகக் கடன் வாங்கவில்லை. பழைய வட்டியைத்தான் வசூல் செய்கிறோம்!

பதினெட்டு அடிப் படகின் புகைப்படம் மேஜை டிராயருக்குள் போயிற்று. நண்பர் வீட்டுத் தாழ்வாரத்தில் மாமனாரும் மருமகனுமாகப் பலகை அறுத்தார்கள். லீவு நாட்களில் நண்பர் சென்னைக்குப் போய்ப் பாய் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1911-லிருந்து அங்கே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது; தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் உண்டு. படகு வாங்குமுன் பிறர் படகில் பழகுங்கள். அது பணத்தையும் மிச்சம் பிடிக்கும், பயத்தையும் தெளிவிக்கும்.

படகு முடிந்ததும் எனக்கு மறுபடி அழைப்பு வந்தது. வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ' என்று அழைத்த ஊர். 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும் போர் நடந்ததும் இங்கேதான். இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. ஆறு அங்கே அகன்று, அமைதியாகக் கடலை நெருங்குகிறது.

"ஏன் நேரே கடலுக்குப் போகவில்லை?" என்று கேட்டேன். பெரியவர் மணலில் கோடு கிழித்துப் பாடம் நடத்தினார். "கொண்டல் கிழக்கேயிருந்து வீசும். ஆத்துல இருந்தா, கயிறு அறுந்தாலும் உன்னை உள்ளே, ஊர்ப் பக்கம் தள்ளும். கச்சான் மேற்கேயிருந்து வீசும். அது கடலுக்குத் தள்ளும். கச்சான் அடிக்கிற நேரத்திலே பிள்ளைகளை ஏத்தாதே. முகத்துவாரத்துப் பக்கமே போகாதே. நீர் வத்துறபோது அங்கே இழுக்கும்."

இந்த வாக்கியங்கள் எந்தப் புத்தகத்துக்கும் குறைந்தவை அல்ல. கோடை நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தொடங்கும். மரத்தில் இலையும் சிறு கிளையும் ஆடுகிற அளவு போதும். நீர்ப்பரப்பில் வெண்நுரை தெரிய ஆரம்பித்தால் கரைக்குத் திரும்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் படகைக் கவிழ்த்துக் கட்டி வையுங்கள். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் இந்தப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் வேரோடு சாய்த்ததை யாரும் மறக்கவில்லை. எங்கே இறக்கினாலும் அந்த ஊர் மீனவர்களையும் அதிகாரிகளையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்பளவு நீரில் படகை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை, பெரியவருக்கும்கூட, முணுமுணுத்துக்கொண்டே. "முதலில் நான்" என்றார் அந்த அம்மாள். புடவைக்குப் பதில் சல்வார் கமீஸ். ஏறி உட்கார்ந்து, பாய்ப் பக்கமாகச் சாய்ந்தார். படகு சாய்ந்தது. பாய் தண்ணீரில் படுத்தது. அவரும் நீரில் விழுந்தார்.

பையன் "அம்மா!" என்று வீறிட்டான். எனக்கும் நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது. அந்த அம்மாள் தலையை நீருக்கு மேலே தூக்கி, மெதுவாகச் சுற்றி நீந்தி வந்து, நடுப்பலகையில் கால் வைத்து ஏறிச் சாய்ந்தார். முதல் தடவை எழவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. நண்பர் ஓர் அடி முன்வைத்தார். பெரியவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். மூன்றாம் தடவை பாய் நீரை உதறிக்கொண்டு எழுந்து நின்றது.

அந்த அம்மாள் உள்ளே ஏறி, ஒரு பிளாஸ்டிக் குவளையால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். பிறகு மகளைப் பார்த்தார். "இப்போ நீ வா. முதலில் கவிழ்க்கக் கத்துக்கோ. அப்புறம் ஓட்டலாம்" என்றார்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் உயிர்காப்புச் சட்டைமேல் ஒரு சொட்டு நீர்கூடப் பட்டிருக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனிக்காதவன்போல் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானம் கொண்டல் எழுந்தது. பாய் விரிந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? படகின் பின்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் பார்த்தேன். அவர்கள் பார்த்தறியாத மாமாவின் பெயர் அது.